விடை எண் மட்டும் போதாது, விளக்கமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்விப் பக்கத்தில் நுழைவுத் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்காக லாஜிக்கல் ரீசனிங் மாதிரிக் கேள்விகள் வருகின்றன அல்லவா, அதில் போன வாரம் வந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி இது. "சில மருத்துவர்கள் எழுத்தாளர்கள்." இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று கேட்டு நான்கு ஆப்ஷன் கொடுத்திருந்தீர்கள். மறுநாள் விடைப் பட்டியலில் "சில மருத்துவர்கள் எழுத்தாளர்கள் அல்ல" என்பதுதான் சரி என்று இருந்தது. அது தவறு. சரியான விடை "சில எழுத்தாளர்கள் மருத்துவர்கள்", அதுவும் இரண்டாவது ஆப்ஷனாக அங்கேயே இருந்தது.

அச்சுப்பிழை என்று நினைத்து விட்டிருப்பேன். ஆனால் என் அக்கா மகள் இந்த வருடம் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதப்போகிறாள், உங்கள் பக்கத்தைத் தினமும் வெட்டி நோட்டில் ஒட்டிப் போட்டுப் பார்க்கிறவள். அவள் இரண்டாவது ஆப்ஷனைத்தான் டிக் அடித்திருந்தாள். விடைப் பட்டியலைப் பார்த்த பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'தப்பு' என்று எழுதி, ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் செய்து, "மாமா, எனக்கு லாஜிக் வரவே வராது போல" என்றாள். சரியாக யோசித்த பிள்ளை, தான் யோசித்ததைத் தன் கையாலேயே அடித்துவிட்டுத் தப்பான விடைக்கு ஒரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. இந்த ஒரு கேள்வியால் அவளுக்கு ஒரு மார்க்தான் போகும் என்றால் பரவாயில்லை, ஆனால் அடுத்த முறை 'சில' என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் அவள் தடுமாறுவாள், அதுதான் எனக்கு ஆற்றமாட்டாமல் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடமாக வேலை முடிந்து வந்த பிறகு மாலையில் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை மட்டும் சொல்லிக் கொடுத்துவருகிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 'சில'வை முடித்துவிடுகிறேன். நாம் பேசும்போது "சில பேர் வந்திருந்தார்கள்" என்றால் மற்றவர்கள் வரவில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார், எல்லோரும் வந்திருந்தால் எல்லோரும் என்றே சொல்லியிருப்பாரே என்ற நினைப்பு. பேச்சுக்கு அது சரி. தேர்வுத் தாளில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, அவ்வளவுதான் பொருள், அதற்கு மேல் எத்தனை என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை. ஒரு மூடிய பெட்டியில் கைவிட்டு இரண்டு பந்து எடுக்கிறேன், இரண்டும் சிவப்பு. "இந்தப் பெட்டியின் பந்துகளில் சில சிவப்பு" என்று இப்போதே சத்தியம் செய்யலாம். "சில சிவப்பு இல்லை" என்று சொல்ல முடியுமா? மீதியை நான் பார்க்கவே இல்லையே. மொத்தமும் சிவப்பாக இருக்கலாம். சில மருத்துவர்கள் எழுத்தாளர்கள் என்பதும் அப்படித்தான், எல்லா மருத்துவர்களுமே எழுத்தாளர்களாக இருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. ஆனால் குறைந்தது ஒருவர் மருத்துவராகவும் எழுத்தாளராகவும் இருக்கிறார் என்பது உறுதி, அவரை இந்தப் பக்கமிருந்து பார்த்தால் மருத்துவர், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எழுத்தாளர், அதனால் வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம்.

'பெரும்பாலான' என்ற சொல்லும் இதேபோலப் படுத்தும். பத்துப் பாடகர்களில் ஆறு பேர் ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக பெரும்பாலான பாடகர்கள் ஆசிரியர்கள். மொத்த ஆசிரியர்கள் ஆயிரம் பேர், அவர்களில் இந்த ஆறு பேரைத் தவிர யாருக்கும் பாட வராது, ஆக பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் பாட வராது. இரண்டையும் சங்கிலி மாதிரி கோத்தால் என்ன வரும்? பெரும்பாலான பாடகர்களுக்குப் பாட வராது! பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்த பிறகு அந்தத் தப்பை மறக்கமாட்டார்கள். அதே சமயம் ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்து, ஆறு பேர் கண்ணாடி போட்டவர்கள், ஆறு பேர் இடக்கைக்காரர்கள் என்றால், இரண்டும் சேர்ந்தவர் குறைந்தது இரண்டு பேராவது இருந்தே ஆகவேண்டும், ஆறும் ஆறும் பன்னிரண்டு, தலை பத்துதான். ஒரே கூட்டத்தைப் பற்றி இரண்டு 'பெரும்பாலான' வந்தால் முடிவு கிடைக்கும், சங்கிலியாக வந்தால் கிடைக்காது. இதைச் சூத்திரமாகக் கொடுத்தால் நாளைக்கே மறந்துபோகும். பாட வராத பாடகர் மறக்கமாட்டார்.

சரி, இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியை இன்னமும் புதிர் என்றும் மூளைக்கு வேலை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், தேர்வுகள் நம்மைத் தாண்டிப் போய்விட்டன. நம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் தேர்வில் 2020 முதல் எல்லாப் பகுதியும் பேசேஜ் படித்து விடை சொல்லும் முறைக்கு மாறிவிட்டது. 2024ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்விலிருந்து இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, அதில் ஐந்தில் ஒரு பங்கு லாஜிக்கல் ரீசனிங். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் ரொம்ப காலமாக லாஜிக் கேம்ஸ் என்று ஒரு பகுதி இருந்தது, யார் எந்த நாற்காலியில், எது எந்தக் கிழமையில் என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும் பகுதி. படம் வரைந்து யோசிக்க வழியில்லாத பார்வையற்ற தேர்வர் ஒருவர் வழக்குப் போட, அது 2019இல் சமரசமாக முடிந்து, 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இன்னொரு லாஜிக்கல் ரீசனிங் பகுதியை வைத்தார்கள். மதிப்பெண் தரும் மூன்று பகுதிகளில் இரண்டு இப்போது இதுதான், ஒவ்வொன்றும் 35 நிமிடம், சுமார் 25 கேள்வி. எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட்டிலும் 2023 கடைசியில் வந்த புதிய வடிவத்தில் இலக்கணத் திருத்தக் கேள்விகள் போய்விட்டன, வாசித்துப் புரிந்துகொள்வதும் வாதத்தை எடைபோடுவதும் மட்டும் வெர்பல் பகுதியில் மிச்சம். ஒரு சின்னப் பத்தியில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்கிறார், அதற்கு ஒரு காரணம் காட்டுகிறார், அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்குமா? எல்லாத் தேர்வும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

அதற்கு என்ன பயிற்சி கொடுக்கிறோம் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு பயிற்சி மையத்தில் படித்துவிட்டு என்னிடம் வந்த பையன் நாற்பது ஷார்ட்கட் அச்சடித்த தாள் ஒன்றைக் காட்டினான், மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன தாள். அதில் முதல் வரி, 'ஆல், ஒன்லி, நெவர் என்று அழுத்தமாகப் பேசும் ஆப்ஷனை உடனே அடித்துவிடவும்.' அதை வேதவாக்காக நம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்படி ஒரு கேள்வி கொடுத்தேன். "இந்தக் கட்டடம் கட்டி நூறு வருடம் ஆகிறது, ஆகவே இதை இடிக்கக் கூடாது." இந்த முடிவு முழுமையாக நிலைநிற்க எதைச் சேர்க்க வேண்டும்? ஒரு ஆப்ஷன், நூறு வருடம் ஆன சில கட்டடங்களை இடிக்கக் கூடாது. இன்னொன்று, நூறு வருடம் ஆன எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது. அவன் தாள் சொன்னபடி அடக்கமாகப் பேசிய முதலாவதைப் போட்டான். அந்தச் 'சில'வில் இந்தக் கட்டடம் இருக்கிறது என்று யார் சொன்னது? இங்கே அழுத்தமானதுதான் விடை. "பத்தியின்படி எது நிச்சயம் உண்மை" என்று கேட்டிருந்தால் நிலைமை வேறு, அங்கே அடக்கமாகப் பேசும் ஆப்ஷனை நிரூபிப்பது எளிது, அதனால் பல நேரம் அதுவே விடையாக இருக்கும். கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்காமல் ஆப்ஷனின் சொல்லை மட்டும் பார்த்து அடிக்கச் சொல்லிக் கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

ஒரு கேள்வியை எடுத்துக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாள் கொடுப்பது இதைத்தான். "ஒரு நகரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹெல்மெட் போடவேண்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த வருடம் தலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆகவே ஹெல்மெட் தலைக்காயத்தைத் தடுக்கிறது." இந்த வாதத்தை எது மிகவும் பலவீனப்படுத்துகிறது? அ, சந்தையில் விற்கும் சில ஹெல்மெட்டுகள் தரமில்லாதவை. ஆ, ஹெல்மெட் போடுவது பலருக்குப் பிடிக்கவில்லை. இ, சட்டம் வந்த பிறகு சைக்கிள் ஓட்டுபவர்களே பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஈ, அதே வருடத்தில் கால் காயத்துடன் வந்த சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

விடை இ. பாதிப் பேர் சைக்கிளையே விட்டுவிட்டால் காயம் பாதியாகாமல் வேறென்ன ஆகும், ஹெல்மெட்டுக்கு அதில் எந்தப் புண்ணியமும் இல்லை. இதைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் ஈ. அக்கா மகள் முதல் நாள் ஈ-யைத்தான் போட்டாள், "காயம் குறையலையே மாமா, அப்போ ஹெல்மெட் வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல், "கால் காயத்தை ஹெல்மெட் எப்படிம்மா குறைக்கும்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்போ ஈ-க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். அதுவும் இல்லை. சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைந்திருந்தால் கால் காயமும் கூடவே குறைந்திருக்க வேண்டும். கால் காயம் அப்படியே இருக்கிறது, தலைக்காயம் மட்டும் பாதியாகிறது என்றால், ஓட்டுபவர்கள் குறையவில்லை, தலைக்கு மட்டும்தான் ஏதோ நல்லது நடந்திருக்கிறது. ஆக ஈ அந்த வாதத்துக்கு முட்டுக் கொடுக்கிறது! பலவீனப்படுத்துவதைக் கேட்ட இடத்தில் பலப்படுத்துவதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அதுவும் 'குறையவில்லை' என்று எதிர்மறையாக எழுதி. இதைக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே கேள்விக்கு முக்கால் மணி நேரம் ஆனது, அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் கற்றது நாற்பது ஷார்ட்கட்டில் இல்லை.

அவளிடம் அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆப்ஷனைக் கையால் மூடு, பத்தியில் அவர் என்ன சொல்லவருகிறார், எதை வைத்துச் சொல்கிறார், இரண்டையும் உன் வார்த்தையில் தமிழில் சொல். தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில்தான் யோசிக்கவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. தேர்வறைக்குள் ஓடும் கடிகாரத்துக்கு முன்னால் வேகம் வேண்டும்தான், அது பிறகு வரும். படிக்கும் காலத்தில் ஒரு வாதத்தைத் தனக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் அது புரியவில்லை, கண்ணுக்குத் தெரிந்த சொற்கள் ஓடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அதிலும் தமிழில் இதற்கென்றே செய்துவைத்தது போல ஒரு வசதி இருக்கிறது. "நீ கூப்பிட்டால் வருவேன்", "நீ கூப்பிட்டால்தான் வருவேன்". அந்த ஒரு 'தான்' வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. முதலாவதில் கூப்பிடுவது போதும், கூப்பிடாமலும் வரலாம். இரண்டாவதில் கூப்பிடாமல் வரவேமாட்டேன், ஆக நான் வந்து நின்றால் நீ கூப்பிட்டிருக்கிறாய் என்று பொருள். ஆங்கிலத்தில் இஃப், ஒன்லி இஃப் என்று வரும்போது பிள்ளைகள் அந்த ஒன்லியைக் கண்ணால் பார்த்துவிட்டு மூளைக்கு அனுப்பாமல் போய்விடுகிறார்கள், அதையே 'ஆல்', 'ஆல்தான்' என்று மாற்றிச் சொல்லச் சொன்னால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூடத் தப்பு விடாது. அன்லெஸ் என்ற சொல்லுக்கு எத்தனையோ அம்புக்குறி போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அது வெறும் 'ஆவிட்டால்'. அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். சீட்டு இருந்தால் விட்டுவிடுவார்களா? தாமதமாகப் போனால் சீட்டு இருந்தும் வாசலில்தான் நிற்கவேண்டும். அந்த வாக்கியம் சீட்டு இருப்பவரைப் பற்றி எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, இதைத்தான் தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ரொம்பப் பழைய உதாரணம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மணிமேகலையில் தருமம் கேட்ட காதையில், இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல என்று வரும். சொல்லவருவது பக்கம், காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பே இல்லாத இடத்தில் புகையும் இல்லை, இதுவும் அதே வாக்கியம்தான், வேறு பக்கமிருந்து. ஆனால் புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை என்று சொல்ல முடியாது, கனன்று சிவந்த இரும்பில் புகை எங்கே இருக்கிறது? நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும் என்பதும் அதே காரணத்தால் தப்பு. 'இருந்தால்' வரும் எந்தக் கேள்வியிலும் இந்த நான்கில் எது செல்லும், எது செல்லாது என்பதுதான் விஷயம். பையன்களுக்குப் புகையும் நெருப்பும் சொன்னால் ஒரு தடவையிலேயே பிடிபடுகிறது, பி, க்யூ என்று எழுதினால் கொட்டாவி விடுகிறார்கள்.

இது வெறும் என் அபிப்பிராயம் இல்லை. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு சோதனையை வெளியிட்டார், அதை நம் எழுத்தில் மாற்றித் தருகிறேன். மேசையில் நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிவது அ, க, 4, 7. விதி, ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கவேண்டும். விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்பவேண்டும்? இந்த வகைக் கேள்விக்குச் சரியாக விடை சொல்பவர்கள் பத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள், படித்தவர்களும் இதில் அடக்கம். அ, 4 என்பதுதான் அதிகம் பேர் சொல்வது. 4-ஐத் திருப்பி என்ன பயன், பின்னால் மெய்யெழுத்தோ உயிர்மெய்யோ இருந்தாலும் விதி மீறப்படவில்லையே. திருப்பவேண்டியது அ-வையும் 7-ஐயும், 7-க்குப் பின்னால் ஒரு உயிரெழுத்து ஒளிந்திருந்தால் விதி உடைந்தது. பிறகு 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதே சோதனையை வேறு உடையில் வைத்தார்கள். பீர் குடிப்பவருக்கு இத்தனை வயது ஆகியிருக்கவேண்டும் என்பது விதி, நீங்கள் காவலர், யாரைச் சோதிப்பீர்கள்? கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். தர்க்கம் ஒன்றேதான், பழக்கமான விஷயத்தில் வந்ததும் அதே மனித மூளை தெளிவாக வேலை செய்கிறது. அதனால்தான் லாஜிக் வரவே வராது என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் நம்புவதில்லை.

தமிழில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடவேண்டும். "எல்லோரும் வரவில்லை." இதற்கு ஒருவரும் வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், சிலர் வந்தார்கள், எல்லோரும் வந்துவிடவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். தேர்வில் ஒரு வாதம் எதை நம்பி நிற்கிறது என்று கேட்கும் கேள்விகளுக்கு, ஆப்ஷனை மறுத்துப் பார், வாதம் இடிந்துவிழுந்தால் அதுதான் விடை என்று ஒரு முறை சொல்லிக் கொடுப்பார்கள், மிக நல்ல முறை. நம் ஹெல்மெட் வாதத்தில், 'சைக்கிள் ஓட்டுபவர்கள் பெருமளவு குறைந்துவிடவில்லை' என்ற ஆப்ஷன் இருந்தால் அதை மறுத்துப் பாருங்கள், குறைந்துவிட்டார்கள் என்று ஆகிறது, வாதம் ஆட்டம் காண்கிறது, ஆக அதுதான் அது நம்பி நிற்கும் கால். ஆனால் மறுப்பதைச் சரியாகச் செய்யவேண்டும். 'எல்லோரும்' என்பதன் மறுப்பு 'ஒருவரும் இல்லை' ஆகாது, 'ஒருவராவது இல்லை' என்பதே மறுப்பு. இங்கே தப்பு செய்பவர்கள் முறையைக் குறை சொல்வார்கள். உங்கள் பக்கத்துக்குக் கேள்வி தயாரிப்பவர்களும் தயவுசெய்து "எல்லா அ-வும் ஆ அல்ல" என்ற மாதிரி இரட்டைப் பொருள் வாக்கியங்களைத் தவிருங்கள், படிக்கும் பிள்ளைக்கு எது கேள்வியின் பிழை, எது தன் பிழை என்று தெரியாது.

நெகட்டிவ் மார்க் பற்றி எழுதியிருந்த குறிப்பையும் பார்த்தேன், சந்தேகம் இருந்தால் தொடாதே என்று. எல்லாத் தேர்வுக்கும் ஒரே வாய்ப்பாடு கிடையாது. எல்சாட்டில் தவறான விடைக்கு மார்க் குறைப்பதே இல்லை, அங்கே ஒரு கேள்வியைக் காலியாக விட்டால் நஷ்டம் நமக்குத்தான். கிளாட்டில் சரியான விடைக்கு 1, தவறுக்கு கால் மார்க் போகும். நான்கில் ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்து மீதி மூன்றில் ஒன்றைப் போட்டால், அப்படி மூன்று கேள்வி போட்டதில் சராசரியாக ஒன்று சரி, இரண்டு தப்பு, ஒன்றில் அரை போக அரை மார்க் லாபம். ஐஐஎம் மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) தேர்வில் சரிக்கு 3, தவறுக்கு 1 குறையும், நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, ஆனால் ஒன்றை அடித்துவிட முடிந்தால் அங்கேயும் போடுவதுதான் நல்லது. ஆப்ஷன் இல்லாமல் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு கேட்டில் நெகட்டிவ் கிடையாது. பயந்து பயந்து காலி விட்டுவரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யாராவது ஒருமுறை உட்கார்ந்து போட்டுக் காட்டவேண்டும்.

கட்டம் போடும் புதிர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, கேட்டில் அது 40 நிமிடப் பகுதியில் அட்டவணை, வரைபடம் பார்த்து விடை சொல்லும் டேட்டா கேள்விகளோடு சேர்ந்து இருக்கிறது, அங்கே எந்த செட்டைத் தொடுவது, எதை விடுவது என்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பதே பாதி வெற்றி. யார் எங்கே இருக்கிறார் என்று தேடுவதைவிட யார் எங்கே இருக்கவே முடியாது என்று அடித்துக்கொண்டே போனால் சீக்கிரம் முடியும்.

பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும். அக்கா மகள் ஒரு நாளைக்கு ஐம்பது கேள்வி போட்டுக்கொண்டிருந்தாள், விடையைச் சரிபார்க்க ஐந்து நிமிடம். நான் அதைப் பத்தாகக் குறைக்கச் சொன்னேன், கடிகாரத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். பத்துக்கும் நான்கு ஆப்ஷனையும் ஏன் சரி, ஏன் தப்பு என்று ஆளுக்கொரு வரி எழுதவேண்டும், சரியாகப் போட்ட கேள்விக்கும் எழுதவேண்டும், ஏனென்றால் தப்பான காரணத்தால் சரியான விடையைப் போட்டிருப்பார்கள், அது அடுத்த முறை காலை வாரும். இரண்டு வாரத்தில் அவள் நோட்டைப் பார்த்தால் ஒரே தப்பு வேறு வேறு உடையில் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. பத்தியில் இல்லாத ஒன்றைத் தன் பொது அறிவிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுவாள், ஹெல்மெட் நல்லதுதானே என்ற மாதிரி. உலகத்தில் அது நல்லதாக இருக்கட்டும், இந்தப் பத்தி அதை நிரூபித்துவிட்டதா என்பதுதானே கேள்வி. அதைத் தானே கண்டுபிடித்து அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டினாள், 'பத்தியில் இருக்கா?' என்று. இப்போது கடிகாரம் திரும்ப வந்துவிட்டது, மாக் டெஸ்ட்டில் நேரமும் மிஞ்சுகிறது, நிதானமாகப் பழகியவருக்கு வேகம் தானாக வருகிறது என்பதைப் பல பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் கேட்பது இரண்டு. மருத்துவர், எழுத்தாளர் கேள்விக்கான விடையைத் திருத்தி, சின்னதாக மூலையில் போடாமல், கேள்வி வந்த அதே இடத்தில் அதே அளவில் போடுங்கள், என் அக்கா மகள் மாதிரி எத்தனை பிள்ளைகள் தங்கள் சரியான விடையை அடித்துவைத்திருக்கிறார்களோ தெரியாது. இரண்டாவது, தினமும் இருபது கேள்வியும் மறுநாள் '1-ஆ, 2-ஈ' என்று ஒரு வரியும் போடுவதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஐந்தே கேள்வி போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று விளக்கம் கொடுங்கள். இடம் அதேதான் ஆகும். எழுத ஆள் இல்லை என்றால் முதல் ஐந்து வாரத்துக்கு நானே எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். முதல் வாரத்தில் ஹெல்மெட் கேள்வியையே போடுங்கள், ஈ-யைப் போட்டவர்கள் ஏன் போட்டோம் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள், வருகிற கடிதங்களை நான் படித்துப் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்